மேல் வீட்டிலிருந்து கீழ் வீட்டுக்குக் கரண்ட்: மலையகத்தில் சப் போர்ட் போடுபவர்களுக்கு

எங்கள் வீடு ஹட்டன் பக்கம் ஒரு சரிவில் இருக்கிறது. மேலே பழைய வீடு. பத்தொன்பது படி இறங்கினால் அப்பா அம்மாவுக்காகப் புதிதாகக் கட்டிய இரண்டு அறை, ஒரு குசினி, ஒரு பாத்ரூம். கட்டி முடிக்க எட்டு மாதம் ஆனது. அதற்குக் கரண்ட் ஒழுங்காக வர இன்னும் ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதத்தில் மூன்று வயரிங் பாஸ்மாரைப் பார்த்தேன், பழுதில்லாத ஒரு டிரிப் சுவிட்சைக் கழற்றிப் புதிது போட்டேன், பூசி முடித்த சுவரை இரண்டு இடத்தில் உடைத்தேன், புதைத்த குழாயைத் தோண்டி எடுத்தேன். நீங்களும் வீட்டுக்குப் பின்னால் அல்லது கீழ்த்தட்டில் ஏதாவது கட்டிக்கொண்டிருந்தால், பூச்சு வேலை தொடங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

சப் போர்ட் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. பழைய வீட்டு டிபி போர்டிலிருந்து, அதாவது கரண்டைப் பல லைனாகப் பிரிக்கும் பெட்டியிலிருந்து, தடித்த கேபிள் ஒன்றை இழுத்து, புதிய கட்டடத்தில் இன்னொரு சின்ன டிபி வைத்து, அங்கிருந்து லைட், ப்ளக் என்று பிரிப்பது. ஒவ்வொரு லைட்டுக்கும் மேலிருந்து தனித்தனி வயர் இழுக்கும் தலைவலி இதனால் மிச்சமாகும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். போர்டுக்குள் இணைப்புக் கொடுக்கும் வேலையை நீங்கள் தொடாதீர்கள். அதற்கு என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் உள்ள எலெக்ட்ரீஷியன் வேண்டும். திட்டம் போடுவது, சாமான் வாங்குவது, குழி வெட்டுவது, பக்கத்தில் நின்று கேள்வி கேட்பது எல்லாம் உங்கள் வேலை. நான் அந்தக் கடைசி வேலையை ஒழுங்காகச் செய்யாததால்தான் ஐந்து மாதம் போனது.

1. உங்களிடம் எத்தனை ஆம்பியர் இருக்கிறது?

பெரும்பாலான வீடுகளுக்கு மின்சார சபை கொடுத்திருப்பது சிங்கிள் பேஸ் (ஒரே ஒரு கரண்ட் லைன்), 30 ஆம்பியர். அதை 230 வோல்ட்டால் பெருக்கினால் 6,900 வாட். சப் போர்ட் போட்டதால் இதில் ஒரு வாட்கூட அதிகமாகாது. ஒரே அண்டாச் சோற்றை இரண்டு பந்தியில் பரிமாறுவது மாதிரிதான். மேல் பந்தி நிறையச் சாப்பிட்டால் கீழ்ப் பந்திக்குக் குறையும்.

நம் ஊர்க் குளிருக்கு முதலில் கணக்குப் பார்க்க வேண்டியது சுடுதண்ணி. குழாயைத் திறந்ததும் சூடாக்கும் இன்ஸ்டன்ட் ஹீட்டர் 3,500 வாட் என்றால் 15 ஆம்பியர் இழுக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டும் காலை ஆறு மணிக்கு ஓடினால் 30 ஆம்பியர் அங்கேயே முடிந்தது. அம்மா தேத்தண்ணிக்குக் கெட்டிலைப் போட்டால் 2,000 வாட், இன்னொரு 9 ஆம்பியர். சபையின் பிரேக்கர் விழும்.

இதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, திரீ பேஸுக்கு, அதாவது மூன்று லைனுக்கு, விண்ணப்பிப்பது. இரண்டாவது, நான் செய்தது: கீழே இன்ஸ்டன்ட் ஹீட்டர் வைக்காமல், தொட்டி உள்ள 1,500 வாட் கீசர் வைத்தேன். அது ஆறரை ஆம்பியர்தான் கேட்கும். தண்ணி சூடாகும் வரை கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். விறகடுப்பில் அண்டா வைத்துக் குளிப்பதே போதும் என்று அப்பா இன்னும் சொல்கிறார். அதற்கு ஆம்பியர் கணக்கே வேண்டாம் என்பதும் உண்மைதான்.

கீழ் வீட்டுக் கணக்கு இப்படி வந்தது: கீசர் ஆறரை, கெட்டில் ஒன்பது, அயன் பொக்ஸ் நாலரை, ரைஸ் குக்கர் மூன்று. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் 23 ஆம்பியர். எல்இடி லைட்டுகளைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை. ஆகவே கீழே போகும் கிளைக்கு 25 ஆம்பியர் என்று முடிவெடுத்தேன். உங்கள் கணக்கை நீங்களே ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். பாஸ் வந்த பிறகு எழுதினால் அவர் வழக்கமாகப் போடுவதைத்தான் போடுவார்.

2. கடதாசி வேலை

மீட்டரும் அதன் சீலும் சபையுடையவை. அவற்றைத் தொடக் கூடாது. மெயின் சுவிட்சிலிருந்து இந்தப் பக்கம் உள்ளது உங்களுடையது. இருக்கிற 30 ஆம்பியருக்குள் சப் போர்ட் போடுவதென்றால் அது வீட்டுக்குள் நடக்கும் வேலை. திரீ பேஸுக்கு மாறுவதென்றால் உங்கள் பிரதேச மின் பொறியியலாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். முதலில் 1987 என்ற இலக்கத்துக்கு அழைத்து, உங்கள் பகுதிக்கு எந்த அலுவலகம், என்னென்ன வேண்டும், கட்டணம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். பில்லில் உள்ள 10 இலக்கக் கணக்கு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

போகும்போது தேசிய அடையாள அட்டை, கடைசி மின் பில், காணி உறுதி, வயரிங் சோதனை அறிக்கை என்று எல்லாவற்றிலும் மூலப்பிரதியும் போட்டோ கொப்பியும் கொண்டுபோங்கள். ஒன்று குறைந்தால் இன்னொரு நாள் லீவு, இன்னொரு பஸ் செலவு.

தோட்டக் காணியில் இருப்பவர்களுக்குத்தான் சிக்கல் கூட. லயத்துக் காம்பராவோடு ஒட்டி ஒரு அறை இறக்கியிருப்பார்கள், கையில் உறுதி இருக்காது. 7 பேர்ச்சஸ் திட்டத்தில் வீடு கிடைத்தவர்களில் சிலருக்கும் உறுதி கைக்கு வரவில்லை. அப்படியானால் தோட்ட நிர்வாகத்தின் கடிதமும் கிராம உத்தியோகத்தரின் சான்றும் எடுத்து வையுங்கள். பில் யார் பேரில் வருகிறது என்பதையும் பாருங்கள். தாத்தா பேரில் இருக்கிற பில்லை வைத்துக்கொண்டு பேரன் விண்ணப்பிக்கப் போனால் அங்கேயே நின்றுவிடும். முதலில் பெயர் மாற்றம், அப்புறம்தான் மற்றது.

சரிவில் புதிதாகக் கட்டுபவர்கள் பிரதேச சபை அனுமதிக்குப் போகும்போது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையும் கேட்பார்கள். அது கட்டட வேலைக்கு உரியது, வயரிங்குக்கு அல்ல. ஆனாலும் அந்த ஃபைலிலேயே வயரிங் வரைபடத்தையும் போட்டு வையுங்கள், பிறகு தேட வேண்டியதில்லை.

கீழ் வீட்டை வாடகைக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் ஒரு விஷயம். இரண்டு வீடும் ஒரே மீட்டரில்தான் ஓடும். மாதத்துக்கு 60 யூனிட்டைத் தாண்டியதும் வீட்டுக் கட்டணத்தின் அடுக்கு மாறுகிறது. வாடகைக்காரரோடு பில்லை எப்படிப் பிரிப்பது என்று முன்பே பேசிவிடுங்கள்.

3. கிளையை எங்கிருந்து எடுப்பது?

இதைத் தீர்மானிக்காமல் ஒரு சாமானும் வாங்காதீர்கள். நான் வாங்கினேன், நஷ்டப்பட்டேன்.

பழைய போர்டைத் திறந்தால் வரிசை இப்படி இருக்கும்: முதலில் மெயின் சுவிட்ச், அடுத்து டிரிப் சுவிட்ச், அதற்குப் பிறகு லைட்டுக்கும் ப்ளக்குக்கும் தனித்தனி எம்சிபி, அதாவது அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானாக விழும் சுவிட்ச். டிரிப் சுவிட்ச் என்று நாம் சொல்வது ஆர்சிசிபி. மின்னொழுக்கு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் விழுந்துவிடும். ஆளைக் காப்பாற்றுவது அதுதான்.

முதல் வழி, அந்த டிரிப்புக்குப் பிறகு ஒரு எம்சிபி போட்டு அங்கிருந்து கிளை எடுப்பது. லேசானது, செலவும் குறைவு. எங்கள் முதல் பாஸ் இதைத்தான் செய்தார். குறை என்னவென்றால், கீழே கீசரில் சின்ன ஒழுக்கு வந்தாலும் மேல் வீடும் சேர்ந்து இருண்டுவிடும். மழைக்காலத்தில் வாரத்துக்கு இரண்டு தடவை பத்தொன்பது படியும் ஏறி இறங்கினேன். ஒரே ஒரு அறை, இரண்டு லைட், ஒரு ப்ளக் என்றால் இந்த வழியே போதும். சொல்லப்போனால் அதற்குச் சப் போர்டே தேவையில்லை.

இரண்டாவது வழி, மேலே இருக்கிற டிரிப்பை அப்படியே விட்டு, கீழேயும் இன்னொரு 30 மில்லி ஆம்பியர் டிரிப் போடுவது. இரண்டாவது பாஸின் யோசனை இது. கேட்கும்போது நன்றாக இருக்கும். ஆனால் கீழே ஒழுகும் கரண்ட் இரண்டு டிரிப்பையும் கடந்துதான் போகிறது. இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே வேகம். எது முதலில் விழும் என்று யாருக்கும் தெரியாது. சில நாள் கீழே மட்டும், சில நாள் மேலே மட்டும், சில நாள் இரண்டும். காசு கொடுத்து வாங்கிய குழப்பம்.

மூன்றாவது வழிதான் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. மெயின் சுவிட்சுக்குப் பிறகு, பழைய டிரிப்புக்கு முன்னால் கரண்ட் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கை பழைய டிரிப்புக்குப் போய் மேல் வீட்டைப் பார்க்கிறது. மற்றக் கை ஒரு 25 ஆம்பியர் இரட்டை முனை எம்சிபி, ஒரு 100 மில்லி ஆம்பியர் தாமத வகை ஆர்சிசிபி வழியாகக் கீழே இறங்குகிறது. கீழ் போர்டில் வழக்கமான 30 மில்லி ஆம்பியர் டிரிப். கீழே ஒழுகினால் கீழ் டிரிப் உடனே விழும். மேலே உள்ள தாமத வகை கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும், அதற்குள் வேலை முடிந்திருக்கும். மேல் வீட்டுக்கு ஒன்றும் தெரியாது.

அந்த 100 மில்லி ஆம்பியரை விட்டுவிட்டு வெறும் எம்சிபியோடு கேபிளை இறக்கலாமே என்று கடைக்காரர் கேட்டார். கூடாது. நம் நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் எர்த் என்பது அந்த வீட்டு மண்ணில் அடித்த கம்பிதான். கேபிள் எங்காவது வெட்டுப்பட்டு பேஸ் (கரண்ட் வரும் வயர்) எர்த்தைத் தொட்டால், மண் வழியாகத் திரும்பும் கரண்ட் எம்சிபியை விழ வைக்கும் அளவுக்கு வராது. கேபிள் உயிரோடு அப்படியே கிடக்கும். ஆர்சிசிபி இருந்தால்தான் அறுபடும். வாங்கும்போது அதன் மேல் தாமத வகைக்குரிய எஸ் குறி இருக்கிறதா என்று பாருங்கள். டவுன் கடைகளில் எனக்குக் கிடைக்கவில்லை, கொழும்பு புறக்கோட்டையிலிருந்து எடுப்பித்தேன். அதற்கே பத்து நாள் போனது, ஆகவே முதலிலேயே சொல்லி வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பேஸை டிரிப்புக்கு முன்னால் எடுத்தால் நியூட்ரலையும் (கரண்ட் திரும்பும் வயர்) டிரிப்புக்கு முன்னால்தான் எடுக்க வேண்டும். பழைய நியூட்ரல் பாரில் ஒரு ஓட்டை காலியாக இருக்கிறதே என்று அதில் செருகினால், கீழே ஒரு பல்பு போட்டதும் மேல் வீட்டு டிரிப் விழும்.

4. கேபிள் என்ன தடிப்பு?

கடையில் சதுர மில்லிமீட்டரில் கேட்டால் சில இடத்தில் முழிப்பார்கள். கம்பிக் கணக்கில் கேளுங்கள். 1/1.13 என்றால் 1 சதுர மி.மீ., 7/0.67 என்றால் 2.5, 7/0.85 என்றால் 4, 7/1.04 என்றால் 6, 7/1.35 என்றால் 10. முதல் இலக்கம் எத்தனை கம்பி, அடுத்தது ஒரு கம்பியின் விட்டம்.

முதல் பாஸ் கீழே இழுத்தது 7/0.67. "ப்ளக்குக்கு அதத்தானே போடுறோம் தம்பி, தாங்கும்" என்றார். தாங்காது. குழாய்க்குள் போகும் அந்த வயர் 24 ஆம்பியருக்குத்தான், நம் கிளையோ 25. அதைவிடப் பெரிய விஷயம் வோல்ட் இறக்கம். 2.5 சதுர மி.மீ. வயர், ஒரு ஆம்பியருக்கு ஒரு மீட்டருக்கு 18 மில்லிவோல்ட் தின்னும். எங்கள் தூரம் 26 மீட்டர். 18 × 25 × 26 என்றால் 11.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 6 சதுர மி.மீட்டருக்கு அந்த எண் 7.3, இறக்கம் 4.7 வோல்ட்தான். 10 சதுர மி.மீட்டருக்கு 4.4, இறக்கம் 2.9 வோல்ட்.

லைட்டுக்கு 3 சதவீதம், அதாவது 6.9 வோல்ட்டுக்குள் இறக்கம் நிற்க வேண்டும் என்பது வயரிங் விதி. சப் போர்டிலிருந்து லைட் வரைக்கும் இன்னும் கொஞ்சம் இறங்கும் என்பதையும் மறக்காதீர்கள். ஆகவே எங்களுக்கு 6 போதும். 40 மீட்டரை நெருங்கினால் 10 எடுங்கள். லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். 230 வோல்ட் 6 சதவீதம் வரை கூடலாம், குறையலாம். மாலையில் ஊர் முழுக்க அடுப்பும் அயனும் போடும்போது மீட்டரடியிலேயே 216 நிற்கும் இடங்கள் உண்டு. அதில் இன்னும் 12 வோல்ட்டை வயருக்குக் கொடுத்தால் பிரிட்ஜ் மோட்டார் என்ன பாடு படும்!

தூரத்தைக் கண் மதிப்பில் சொல்லாதீர்கள். கேபிள் போகப் போகும் வழியிலேயே ஒரு கயிற்றைப் போட்டு, சுவரில் ஏறுவது இறங்குவது எல்லாம் சேர்த்து அளந்து, இரண்டு போர்டிலும் ஒரு மீட்டர் மிச்சம் விடுங்கள். எங்களுக்கு 28 மீட்டர் வாங்கினோம். நடுவில் ஒட்டுப் போடுகிற பேச்சே கூடாது.

எஸ்எல்எஸ் முத்திரை பார்த்து வாங்குங்கள். கெலானி, ஏசிஎல் போன்ற உள்நாட்டு கேபிள்கள் எல்லா டவுனிலும் கிடைக்கும். உறையில் அளவும் முத்திரையும் அச்சடித்திருக்கும். நுனியைச் சீவிக் கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

5. கேபிள் போகும் பாதை

முதல் தடவை சாதாரண வெள்ளைக் குழாயைப் புதைத்து அதற்குள் தனி வயர்களை இழுத்தோம். ஜூன் மழை வந்தது. ஒரு நாள் காலை கீழ் போர்டின் மூடியைத் திறந்தால் உள்ளே தண்ணி சொட்டுகிறது. மேலே குழாயின் வாயில் போகும் மழைத்தண்ணி, சரிவில் குழாய் வழியாகவே ஓடி வந்து நேராகப் போர்டுக்குள் இறங்கியிருக்கிறது. தண்ணி லைன் போட்டது மாதிரியே போட்டிருந்தோம். சமதரையில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை வராது, ஆகவே கொழும்பில் வேலை பழகிய பாஸுக்கு இது தோன்றாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்போது இருப்பது கவசம் போட்ட மூன்று கோர் கேபிள், 6 சதுர மி.மீ., போர்டிலிருந்து போர்டு வரை ஒரே துண்டு. விலை கூடத்தான், ஆனால் இரண்டு தடவை தோண்டிய கூலியோடு பார்த்தால் லாபம். கவசத்தை இரண்டு முனையிலும் கிளாண்ட் (கேபிள் போர்டுக்குள் நுழையும் இடத்தில் பிடிக்கும் திருகு) போட்டு இறுக்கி எர்த்தோடு சேர்க்க வேண்டும். கீழ் போர்டுக்குக் கேபிள் மேலிருந்து நுழையக் கூடாது. போர்டின் மட்டத்துக்குக் கீழே இறங்கி, ஒரு வளைவு எடுத்து, அடிப்பக்கத்திலிருந்து ஏற வேண்டும். கேபிள் மேல் வழியும் தண்ணி அந்த வளைவில் சொட்டிவிடும். சுவரில் நுழையும் ஓட்டையைச் சிலிக்கனால் அடையுங்கள்.

குழியின் ஆழம் ஒன்றரை அடிக்குக் குறையக் கூடாது, மரக்கறிப் பாத்தி பக்கம் போனால் இரண்டு அடி. அடியில் இரண்டு அங்குலம் மணல், அதன் மேல் கேபிள், மறுபடி மணல், அதன் மேல் ஒரு வரிசை செங்கல், அரை அடி மண்ணுக்கு மேலே எச்சரிக்கை டேப். செங்கல் எதற்கு என்று கேட்பவர்கள் கிழங்குப் பாத்தியில் மண் கிளற முள்ளு போடும் வேகத்தைப் பார்த்ததில்லை. காட்டுப்பன்றி வரும் இடமென்றால் இரண்டு அடியும் செங்கலும் கட்டாயம்.

கானுக்குக் குறுக்கே போகும்போது கானின் அடிமட்டத்துக்குக் கீழே ஒரு தடித்த குழாய்க்குள் கொண்டுபோங்கள். தடுப்புச் சுவரில் தண்ணி வடிய விட்டிருக்கும் ஓட்டைகளில் கேபிளை நுழைக்காதீர்கள். லேசான வழி மாதிரித் தெரியும், ஆனால் அந்த ஓட்டை அடைத்தால் மழைக்குச் சுவரே தள்ளும். தண்ணிக் குழாய்க்கும் கேபிளுக்கும் ஒரு அடியாவது இடைவெளி விடுங்கள்.

உடுப்புக் காயப்போடும் கம்பி மாதிரி வானத்தில் இழுத்துக் கட்டுவதைப் பல இடத்தில் பார்க்கிறேன். செய்யாதீர்கள். தகரக் கூரையின் ஓரத்தில் காற்றுக்கு உரசி உறை கிழிந்தால், கூரை முழுக்கக் கரண்ட் ஏறும்.

கட்டடத்துக்குள் வழக்கம் போல 20 மி.மீ. குழாய்தான். சுவரில் காடி வெட்டும்போது நேர் மேலே, நேர் பக்கவாட்டில் மட்டும் வெட்டச் சொல்லுங்கள். குறுக்காக, சாய்வாகப் போனால் பின்னால் ஆணி அடிப்பவருக்கு வயர் எங்கே என்று தெரியாது. பக்கவாட்டுக் காடி சுவர்த் தடிப்பில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் ஆழமாகக் கூடாது. நாலு அங்குலச் சிமெந்துக் கல்லில் அது முக்கால் அங்குலத்துக்கும் குறைவு, அதாவது 20 மி.மீ. குழாய் பக்கவாட்டில் மறையவே மறையாது. அதனால் பக்கவாட்டு ஓட்டத்தைச் சீலிங்குக்கு மேலே கொண்டுபோய், அங்கிருந்து நேராக இறக்குங்கள். நேர்க் காடி மூன்றில் ஒரு பங்கு வரை போகலாம்.

குளிர் காலையில் குழாயை வளைத்தால் பட்டென்று உடையும். வெயில் ஏறிய பிறகு வளையுங்கள், இல்லாவிட்டால் சுடுதண்ணித் துணியால் கொஞ்சம் சூடேற்றுங்கள். வளைக்கும்போது உள்ளே ஸ்பிரிங் இருக்க வேண்டும். இரண்டு வளைவுக்கு மேல் போனால் நடுவில் ஒரு ஜங்ஷன் பொக்ஸ் வையுங்கள்.

பூசும் முன் ஒவ்வொரு சுவரையும் போன் கேமராவில் எடுங்கள், அளவு டேப்பைச் சுவரில் பிடித்துக்கொண்டு. நான் எடுக்கவில்லை, அதனால்தான் இரண்டு இடத்தில் உடைத்தேன்.

6. சப் போர்டுக்குள் என்ன?

இடம் முக்கியம். மண் மேட்டை ஒட்டிய பின்சுவர் வருடம் முழுக்க ஈரம் கசியும், அதில் வைக்காதீர்கள். பாத்ரூம் சுவரிலும் தண்ணித் தொட்டிக்குக் கீழும் வேண்டாம். முன் அறையில், வாசலுக்குப் பக்கத்தில், இருட்டில் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள்.

எட்டு வழிப் பெட்டி வாங்கினால் ஐசோலேட்டருக்கு (முழுப் பெட்டியையும் நிறுத்தும் சுவிட்ச்) இரண்டு, டிரிப்புக்கு இரண்டு போய் நாலு வழிதான் மிஞ்சும். பன்னிரண்டு வாங்குங்கள். எங்கள் பெட்டியில் 40 ஆம்பியர் ஐசோலேட்டர், 40 ஆம்பியர் 30 மில்லி ஆம்பியர் டிரிப், லைட்டுக்கு 6 ஆம்பியர் எம்சிபியும் 1/1.13 வயரும், அறை ப்ளக்குகளுக்கு 16 ஆம்பியரும் 7/0.67 வயரும், குசினி ப்ளக்குக்குத் தனியாக 20 ஆம்பியரும் 7/0.85 வயரும், கீசருக்குத் தனியாக 16 ஆம்பியரும் 7/0.67 வயரும். மிச்சம் காலி. ப்ளக் எல்லாம் சதுர முள் 13 ஆம்பியர். பழைய உருண்டை முள் சாமான்களுக்கு முள்ளை மாற்றுங்கள், அடாப்டர் மேல் அடாப்டர் செருகாதீர்கள்.

இடி மின்னல் மார்ச் ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் நம் பக்கம் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. காலி வழியில் ஒரு மின்னெழுச்சிக் காப்பான் போடலாம். போட்டாலும் டிவி ப்ளக்கைக் கழற்றும் பழக்கத்தை விடாதீர்கள்.

நியூட்ரல் பாரும் எர்த் பாரும் தனித்தனியாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு துண்டு வயர்கூடப் பாலம் போடக் கூடாது. இணையத்தில் வெளிநாட்டு வீடியோக்களில் சேர்த்துக் கட்டுவதைப் பார்க்கலாம், அது அவர்கள் ஊர் முறை.

7. படி லைட் கதை

மூன்றாவது வழிக்கு மாறிய பிறகும் ஒரு பிரச்சினை விடவில்லை. பத்தொன்பது படிக்கும் ஒரு லைட், மேலேயும் கீழேயும் போட்டு அணைக்க டூ வே சுவிட்ச். வேலை நடக்கும்போது அதில் 1 வாட் சின்ன எல்இடி மாட்டியிருந்தோம், ஒரு தொல்லையும் இல்லை. தீபாவளிக்கு வெளிச்சம் வேண்டுமென்று 9 வாட் பல்பு மாட்டினேன். போட்டதும் டிரிப் விழுந்தது. நல்ல மழை, ஆகவே ஹோல்டரில் ஈரம் என்று நினைத்தோம். ஹோல்டரை இரண்டு தடவை மாற்றினோம். டிரிப்தான் பழுது என்று ஒருவர் சொல்ல, நல்ல டிரிப்பைக் கழற்றிப் புதிது போட்டோம். அதுவும் விழுந்தது.

மூன்றாவதாக வந்த அண்ணன் பல்பைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "நியூட்ரல் எங்கருந்து எடுத்தீங்க?" என்று ஒரே கேள்வி கேட்டார். பேஸ் மேல் வீட்டு லைட் லைனிலிருந்து வருகிறது. வயர் மிச்சம் பிடிக்க நியூட்ரலை மட்டும் பக்கத்தில் இருந்த கீழ் போர்டிலிருந்து கொடுத்திருக்கிறார்கள். மேல் டிரிப் வழியாகப் போன கரண்ட் அதே வழியாகத் திரும்பி வரவில்லை. டிரிப்புக்கு அது ஒழுக்கு. 9 வாட் பல்பு இழுப்பது 40 மில்லி ஆம்பியர் அளவு, டிரிப் தாங்குவது 30. ஒரு வாட் பல்பில் அது தெரியாமல் ஒளிந்திருந்தது.

ஆகவே பாஸிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: எந்தப் போர்டிலிருந்து பேஸ் வருகிறதோ அதே போர்டிலிருந்துதான் நியூட்ரலும் வர வேண்டும். படி லைட், வெளி லைட், கேட் லைட் என்று இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கும் லைட்டுகளில்தான் இந்தத் தப்பு நடக்கும்.

8. எர்த்

மேல் எர்த்திலிருந்து வரும் வயர் கேபிளிலேயே இருக்கிறது. அதோடு கீழேயும் ஒரு கம்பி அடித்து இரண்டையும் சேர்த்தோம். நம் மண்ணில் இரண்டு அடி போனதும் கல் தட்டும். தட்டியதும் மிச்சக் கம்பியை வெட்டிவிட்டு மண்ணை மூடுவது பாஸ்மாரின் வழக்கம். அடிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். கல் வந்தால் சாய்த்து அடிக்கலாம், இடம் மாற்றலாம், இல்லாவிட்டால் கம்பி நீளத்துக்குக் குறையாத இடைவெளியில் இரண்டாவது கம்பி அடித்துச் சேர்க்கலாம். கான் ஓரம், வாழையடி மாதிரி ஈரம் காயாத இடம் நல்லது. எர்த் டெஸ்டரில் 200 ஓமுக்குக் கீழே வர வேண்டும், எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

9. பணமும் நாளும்

ரூபாக் கணக்கு எழுதினால் அடுத்த மாதமே பழசாகிவிடும். எதில் பணம் போகிறது என்று சொல்கிறேன். முதலில் கேபிள், அடுத்து இரண்டு ஆர்சிசிபி, அதற்குப் பிறகு கூலி. பெட்டி, எம்சிபி, குழாய் எல்லாம் சேர்த்தாலும் கேபிளுக்குப் பக்கத்தில் வராது. ஆகவே கேபிளுக்கு மட்டுமாவது மூன்று கடையில் விலை கேளுங்கள். உள்வயரிங்குக்கு மீட்டர் கணக்கில் வெட்டி வாங்குவதைவிட 100 மீட்டர் சுருளாக வாங்கினால் மலிவு. மிச்ச வயர் உங்களுடையது என்று முன்பே பேசுங்கள்.

கூலி பொயின்ட் கணக்கா (ஒவ்வொரு லைட்டுக்கும் ப்ளக்குக்கும் இவ்வளவு என்று), நாள் கணக்கா என்று தெளிவாக்குங்கள். பொயின்ட் கணக்கு என்றால் சப் போர்டும் மெயின் கேபிளும் எத்தனை பொயின்ட் என்று எழுதி வாங்குங்கள், சண்டை அங்கேதான் வரும். காடி வெட்டுவது, மூடிப் பூசுவது யார் வேலை என்பதையும் எழுதுங்கள். நாலில் ஒரு பங்கைச் சோதனை முடியும் வரை கொடுக்காதீர்கள்.

ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் குழி வெட்ட ஜனவரியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை நல்லது. மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் குழியில் தண்ணி நிற்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தவர்களுக்கு ஜூன் முதல் ஓகஸ்ட் வரை காய்ந்திருக்கும். சித்திரை வருசத்துக்கு முன்பின் பத்து நாள் பாஸும் இருக்க மாட்டார், கடையும் இருக்காது. தீபாவளிக்கு முந்திய மாதம் எல்லா வீட்டிலும் வேலை, கூலியும் ஏறும். எல்லாம் கையில் இருந்தால் எங்கள் அளவு வேலைக்குக் குழிக்கு இரண்டு நாள், குழாய்க்கும் வயருக்கும் நாலு நாள், போர்டுக்கு ஒரு நாள். மேல் வீட்டில் கரண்ட் இல்லாமல் இருக்க வேண்டியது அந்தக் கடைசி நாளில் ஓர் அரை நாள் மட்டும்.

10. மிச்சப் பணத்தைக் கொடுக்கும் முன்

டெஸ்டர் ஸ்குரூட்ரைவரில் லைட் எரிந்தால் சரி என்று சொல்லும் பாஸை அனுப்பிவிடாதீர்கள். மெகர், அதாவது வயரின் உறையில் ஒழுக்கு இருக்கிறதா என்று அளக்கும் கருவி, கொண்டுவரச் சொல்லுங்கள். பல்புகளைக் கழற்றி, ப்ளக்குகளில் உள்ளதை எல்லாம் எடுத்துவிட்டு, 500 வோல்ட்டில் பேஸ், நியூட்ரல், எர்த் ஒவ்வொன்றுக்கும் இடையே பார்த்தால் 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. புது வயரில் அதைவிடப் பல மடங்கு வரும். ஒன்றை ஒட்டி வந்தால் எங்கோ ஆணி பட்டிருக்கிறது. ஒவ்வொரு ப்ளக்கிலும் பேஸ் வலது ஓட்டையில் வருகிறதா என்று பாருங்கள். டிரிப்புக்குரிய கருவியால் 30 மில்லி ஆம்பியரில் 300 மில்லி செக்கனுக்குள் விழுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கீழே டிரிப்பை விழ வைக்கும்போது ஓர் ஆளை மேல் வீட்டில் நிறுத்துங்கள், அங்கே லைட் அணையக் கூடாது.

அளவுகளை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் சான்றிதழ் இலக்கமும் வாங்குங்கள். எந்த எம்சிபி எதற்கு என்று எழுதிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள், அம்மா அப்பா படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில். முதல் பெருமழைக்கு அடுத்த நாள், கரண்டை நிறுத்திவிட்டுக் கீழ் பெட்டியைத் திறந்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். டிரிப்பில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அமுக்குங்கள். எங்கள் வீட்டில் பில் வரும் நாளில் அப்பா அமுக்குவார்.